இரண்டு ஆட்டுக்குக் கறவை மெஷின் எதற்கு?

யூடியூபில் அந்தச் சின்னக் கறவை மெஷின் வீடியோக்கள் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த மெஷின் நல்லம், எது மலிவு?" கேட்பவர்களிடம் இருப்பது ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் நான்கு ஆடு. எல்லோருக்கும் என் பதிலும் ஒன்றுதான். மெஷின் வேண்டாம். அதற்கு வைத்திருக்கும் காசில் கொஞ்சத்தை எடுத்து ஒரு மேடை, ஒரு சில்வர் பாத்திரம், ஒரு கறுப்புக் கோப்பை, ஒரு போத்தல் அயடின் வாங்குங்கள், மிச்சத்தைத் தீவனத்துக்குப் போடுங்கள். ஏன் என்று போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆடு வளர்ப்பது தீபாவளிக்கு விற்க, இல்லாவிட்டால் கோயில் நேர்த்திக்கு. கறப்பதென்றால் மாடுதான். ஆட்டுப்பால் என்றதும் "வீச்சம்" என்று முகத்தைச் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021, 2022-ல் பால்மாவுக்கு ஹட்டனிலும் தலவாக்கலையிலும் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 400 கிராம் பக்கற் கிடைப்பதே பாடாகி, பிறகு கிடைத்தாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போனபோதுதான், கொட்டிலில் நிற்கும் ஆட்டின் மடியைக் கொஞ்சம் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தார்கள் சிலர். நல்ல கலப்பு ஆடு ஒன்று, சானனோ ஜமுனாபாரியோ கலந்தது, குட்டிக்குக் கொடுத்தது போக ஒரு லீற்றர் தந்தால்கூட வீட்டுத் தேநீருக்கு வேறு பால் தேட வேண்டியதில்லை. அந்த ஒரு லீற்றருக்காக எவ்வளவு செலவழிக்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

மெஷின் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் கழுவுவது. கை பழகியவர் ஒரு ஆட்டை ஐந்து, பத்து நிமிடத்தில் கறந்துவிடுவார். மெஷின் அதைவிடச் சீக்கிரம் கறக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், கறந்து முடித்த பிறகு கப், அதற்குள் இருக்கும் ரப்பர், குழாய், போத்தல், மூடி என்று எல்லாவற்றையும் கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒருமுறை, சவர்க்காரம் போட்ட சுடுதண்ணீரில் ஒருமுறை, கிருமி போக ஒருமுறை கழுவிக் காயவைக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு கறவைக்கும். குழாய்க்குள் பால் தங்கினால் அடுத்த கறவைக்குள் அங்கே ஒரு வழுவழுப்பு பிடித்திருக்கும், பிறகு எவ்வளவு சுத்தமாகக் கறந்தாலும் பால் திரியும். பத்துப் பதினைந்து ஆடு இருந்தால் இந்தக் கழுவும் வேலை எல்லா ஆட்டுக்கும் பங்கு பிரிந்துவிடும். இரண்டு ஆட்டுக்கு அது முழு நட்டம்.

இரண்டாவது காரணம் ஆட்டின் மடியே. மாட்டுக்குப் பாலில் பெரும்பங்கு மேலே சுரக்கும் இடத்திலேயே நிற்கும், மாடு மனம்வைத்து இறக்கினால்தான் காம்புக்கு வரும். ஆட்டுக்குப் பெரும்பங்கு கீழே, காம்புக்கு மேலே இருக்கும் பையிலேயே வந்து நிற்கிறது. காம்பும் இரண்டே இரண்டு. கையால் கறப்பதற்கென்றே அமைந்த மடி என்று சொல்லலாம். கரண்ட் விஷயத்தை நான் சொல்லவே வேண்டாம், 2022-ல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினார்கள். இப்போதும் மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆட்டின் மடி அதுவரை காத்திருக்காது.

சரி, காசை எதில் போடுவது? நான் முதலில் போடச் சொல்வது மேடையில்.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர், நான் பலகையை அறுத்துக்கொண்டிருக்கும்போது வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஆட்ட மேடையில ஏத்தி என்ன காமன் கூத்தா வைக்கப் போற?" என்றார். நம் ஆட்கள் குந்தியிருந்து, ஒரு கையால் ஆட்டின் காலைப் பிடித்து, மறு கையால் ஒற்றைக் காம்பைக் கறந்தே பழகியவர்கள். ஆடு உதைத்தால் பால் போகும், உதைக்காவிட்டாலும் காலில் ஒட்டிய புழுக்கை சட்டிக்குள் விழும். மேடையில் ஏறி, கழுத்து மாட்டி, முன்னால் ஒரு சுண்டு தவிடும் புண்ணாக்கும் இருந்தால் அதே ஆடு அசையாமல் நிற்கிறது. இரண்டு கையும் நமக்குக் கிடைக்கும். நான் பார்த்த வரையில் கறவை நேரத்தைப் பாதியாக்குவது மேடைதான்.

அளவு சொல்கிறேன். தரையிலிருந்து பலகை ஒன்றரை அடி உயரம், சின்ன முக்காலியில் உட்கார்ந்து கறப்பவருக்கு அது சரி. முதுகு வலி உள்ளவர்கள் இரண்டு அடிக்கு மேலேயே போடலாம், ஆனால் அப்போது ஆடு ஏற ஒரு சாய்பலகை வேண்டும். நீளம் மூன்றரை அடியிலிருந்து நான்கு அடி, அகலம் இரண்டு அடி. இரண்டு அடிக்கு மேல் அகலம் வேண்டாம், ஆடு நம்மைவிட்டு அந்தப் பக்கமாக நகர்ந்து நிற்கும், நாம் எட்டி எட்டிக் கறக்க வேண்டிவரும். தலை மாட்டுவதற்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டு சட்டம், ஒன்று அசையாதது, மற்றது அடியில் ஒற்றை போல்ட்டில் நின்று சாயக்கூடியது, மூடியபோது நடுவில் நான்கு அங்குலம் இடைவெளி. மேலே ஒரு கொக்கி. கொம்புள்ள ஆடென்றால் திறந்திருக்கும்போது மேல்பக்கம் நன்றாக அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை போகாது, போனால் வராது. பலகைகளுக்கு இடையில் அரை அங்குல இடைவெளி விட்டால் மூத்திரமும் தண்ணீரும் வடிந்துவிடும். ஈரப்பலகையில் குளம்பு வழுக்கும் என்பதால் குறுக்கே மெல்லிய ரீப்பர் கட்டைகளை அடித்துவிடுங்கள்.

பலகைக்குத் தனியாக ஓட வேண்டியதில்லை. டவுனில் சாமான் இறக்கும் கடைகளில் பழைய பெலட் கட்டைகள் கிடைக்கும், தோட்டத்தில் சவுக்கு மரம் வெட்டும்போது கழிவுப் பலகை கேட்டு வாங்கலாம், அதைத் துரையிடம் கேட்பதா கங்காணியிடம் கேட்பதா என்பது உங்கள் தோட்டத்து அரசியல். பெலட் கட்டையில் எண்ணெய், மருந்து வாடை இருந்தால் எடுக்காதீர்கள்.

மேடை செய்யவே வழியில்லை என்பவர்களுக்கு மலைநாடே ஒரு மேடைதான். நம் வீடுகளில் எந்த வாசல் சமமாக இருக்கிறது? கான் ஓரத்துக் கல்லுக்கட்டு, மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் நடுவிலுள்ள படி, ஏதோ ஒன்று ஒன்றரை அடி உயரத்தில் கட்டாயம் இருக்கும். ஆட்டை மேல் தட்டில் சுவரை ஒட்டி நிறுத்தி, ஒரு கம்பத்தில் கழுத்தைக் குட்டையாகக் கட்டி, கீழ் தட்டில் உட்கார்ந்து கறக்கலாம். செலவு ஒரு துண்டுக் கயிறு. மேலே ஒரு தகரம் மட்டும் வேண்டும், ஆடி மழையில் திறந்த வெளியில் கறந்தால் ஆட்டின் முதுகில் வழியும் தண்ணீர் மடி வழியாக நேரே பாத்திரத்துக்குள் வரும். அதைவிட அழுக்கான தண்ணீர் வேறு இல்லை.

அடுத்தது பாத்திரம். இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள் என்பேன், ஆனால் பெரிய செலவும் இல்லை. பாத்திரக் கடையில் இரண்டு லீற்றர் பிடிக்கும் மூடியுள்ள சில்வர் தூக்குவாளி, உள்பக்கம் பொருத்து இல்லாமல் ஒரே தகடாக, மூலைகள் உருண்டையாக இருப்பது. பிடியை ஆணி அறைந்து பொருத்தியிருந்தால் அந்த ஆணித் தலை உள்ளே தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் வேறு எடுங்கள், அதன் ஓரத்தில்தான் பால் காய்ந்து நிற்கும். வீட்டில் கிடக்கும் அலுமினியச் சட்டியை நான் சேர்ப்பதில்லை, குளோரினும் காரமான சோப்பும் அலுமினியத்தை அரிக்கும், அரித்த இடம் சொரசொரப்பாகி அழுக்குப் பிடிக்கும். பெயின்ட் வாளி, பழைய பிளாஸ்டிக் ஜக், இதெல்லாம் பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே ஆயிரம் கீறல் இருக்கும், கீறலுக்குள் கொழுப்பு இருக்கும். வாய் அகலமாக வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். ஆட்டுக்கு வாய் சின்னதாக இருப்பதுதான் நல்லது, மேலிருந்து விழும் முடி குறையும்.

கறுப்புக் கோப்பை எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதலில் வரும் இரண்டு மூன்று பீச்சலைப் பால் பாத்திரத்தில் விடக்கூடாது. காம்பின் நுனியில் தங்கியிருக்கும் கிருமி அதில்தான் அதிகம். அதைத் தரையிலும் பீச்சக் கூடாது, ஈயும் வரும், எலியும் வரும், பாலில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாமல் போகும். கறுப்பு நிறக் கோப்பையில் பீச்சினால் திரித்திரியாகவோ தயிர்த் துணுக்குபோலவோ ஏதாவது இருந்தால் பளிச்சென்று தெரியும். மடிநோய் வருவதற்கு முதல் அறிகுறி பெரும்பாலும் அங்கேதான். இதற்கென்று சல்லடை வைத்த கோப்பை விற்கிறார்கள், வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் சாமான் கடையில் ஒரு கறுப்பு மக் போதும், ஒரு பால்மா பக்கற்றின் விலைகூட வராது.

சந்தேகம் வந்தால் இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவ சோப்பைச் சம அளவு தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். இரண்டு காம்பின் பாலையும் இரண்டு வெவ்வேறு சின்ன மூடியில் எடுத்து, அதே அளவு சோப்புத் தண்ணீர் சேர்த்துச் சுற்றுங்கள். கஞ்சி போல, சளி போல இழுபட்டால் அந்தப் பக்க மடியில் கோளாறு இருக்கலாம். ஆனால் இது மாட்டுக்குச் செய்வது போல ஆட்டுக்குத் திட்டமாகச் சொல்லாது, நோயில்லாத ஆட்டுப்பாலிலும், அதுவும் கறவை முடியும் மாதங்களில், கொஞ்சம் தடிக்கும். அதனால் ஒரு காம்பை மற்றக் காம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தடித்தால், மடி சூடாகவோ கல்லாகவோ இருந்தால் மிருக வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். ஊசி போட்டால் எத்தனை நாளைக்குப் பாலைக் குடிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள், கேட்காவிட்டால் சில நேரம் சொல்ல மறந்துவிடுவார்கள்.

மடியைத் துடைப்பது. கீழ்நாட்டில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுக் கறப்பார்கள், வெயிலில் காய்ந்துவிடும். இங்கே காலை ஐந்தரை மணிக்குப் பீலித் தண்ணீரை மடியில் ஊற்றிப் பாருங்கள், ஆடு உங்களை மன்னிக்காது. ஈரத்தோடு குளிர் காற்றில் நின்றால் காம்புத் தோலும் வெடிக்கும். மடி சுத்தமாக இருந்தால் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாலே போதும். சேறு பட்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, உடனே காய்ந்த துணி. ஒரு ஆட்டுக்கு ஒரு துணி, ஒன்றைத் துடைத்த துணியால் அடுத்ததைத் துடைத்தால் நோயை நாமே கொண்டுபோய்க் கொடுப்பது போலத்தான். பழைய பனியனைச் சதுரமாக வெட்டி ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள், தினமும் கொதிக்கவைத்துக் காயப்போடலாம். மடியைச் சுற்றி நீளமாக வளரும் முடியைக் கத்தரிக்கோலால் குட்டையாக வெட்டிவிட்டால் பாதி அழுக்கு தங்காது. மழைக்காலத்தில் மலைப்பக்கம் மேய்ந்து வரும் ஆட்டுக்கு மடி இடுக்கில் அட்டை கடித்துக்கொண்டிருக்கும், அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை எடுக்க வேண்டும். கொழுந்தெடுக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு அட்டையை எப்படி எடுப்பது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி கை. கையைவிட மலிவான கருவி இல்லை, ஆனால் அதைத் தவறாகப் பிடிப்பவர்கள்தான் அதிகம். காம்பைக் கீழே இழுக்கக் கூடாது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் காம்பின் அடியில், மடியோடு சேரும் இடத்தில் வளையமாக இறுக வேண்டும், பால் திரும்ப மேலே போகாமல் அடைபடும். பிறகு நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று வரிசையாக மூட வேண்டும். கையைத் திறந்தால் காம்பு மறுபடி நிரம்பும். கட்டைவிரலை மடித்து அதன் கணுவால் அழுத்திக் கறப்பது நம்மவர்களுக்குப் பழக்கம், வேகமாக வரும், ஆனால் அது காம்பின் உள் சதையை நசுக்கிவிடும். ஜமுனாபாரிக் கலப்புக்குக் காம்பு நீளமாக இருக்கும், முழுக் கையும் பிடிக்கலாம். முதல் ஈற்று ஆட்டுக்குச் சுண்டுவிரலளவுதான் காம்பு இருக்கும், அங்கே இரண்டு விரலும் கட்டைவிரலும்தான் வேலை செய்யும், பொறுமை வேண்டும்.

கை ஒத்துழைக்காதவர்களுக்கு என்ன செய்வது? இதுதான் எங்கள் வீட்டில் உண்மையான கேள்வி. அம்மா ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர், இப்போது காலையில் விரல் மடங்க நேரமெடுக்கும், குளிர் கூடின நாளில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவே கஷ்டம். ஆட்டின் மீது பிரியம் எல்லாம் அவருக்குத்தான், கறக்கத்தான் முடிவதில்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் கைப்பம்பு ஒன்று செய்துகொடுக்கலாம், கரண்ட் வேண்டாம், மெஷின் விலையில் சின்னப் பங்குதான் வரும்.

வேண்டியவை: வாகன உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் கைப்பம்பு, பிரேக் எண்ணெயில் காற்று எடுக்கப் பயன்படுத்துவார்களே அதுதான், அளவு காட்டும் முள் உள்ளதாக. புதிதாக வாங்குங்கள், கராஜில் பாவித்தது வேண்டாம், உள்ளே பிரேக் எண்ணெய் இருக்கும். தடித்த கண்ணாடிப் போத்தல் ஒன்று, இறுக மூடும் மூடியோடு. உணவுக்குப் பாவிக்கக்கூடிய சிலிக்கன் குழாய் ஒரு சிறு சுருள். பாமசியில் கிடைக்கும் பெரிய ஊசிச் சிரிஞ்சு, ஆட்டின் காம்பு உள்ளே தாராளமாகப் போகும் அளவு. மூடியில் இரண்டு துளை போட்டு இரண்டு குழாயையும் காற்றுப் போகாமல் பொருத்த வேண்டும், ஒன்று சிரிஞ்சின் நுனிக்கு, மற்றது பம்புக்கு. பம்புக்குப் போகும் குழாயின் முனை போத்தலுக்குள் மூடியை ஒட்டியே நிற்கட்டும், கீழே இறங்கியிருந்தால் பால் பம்புக்குள் போய்விடும், போனால் அந்தப் பம்பு அத்தோடு சரி. சிரிஞ்சின் அகன்ற வாயில்தான் காம்பு போகும். உள்ளே தள்ளும் தண்டைத் தூக்கிப் போட்டுவிடலாம். விளிம்பில் கூர் இருந்தால் மணல் தாளால் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள்.

பாவிக்கும்போது முள்ளைப் பார்த்துக்கொண்டே அழுத்துங்கள். முள் 10 அங்குலத்தில் (பாதரச அங்குலம், inHg என்று போட்டிருக்கும் இழுவிசை அளவு) நின்றால் பால் நன்றாக வரும், 12-க்கு மேல் ஏற்றக் கூடாது. அதிகமாக இழுத்தால் அதிகமாகப் பால் வரும் என்று நினைப்பது தப்பு, காம்பில் இரத்தம் தேங்கி நுனி சிவந்து வீங்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை காற்றை விட்டு மறுபடி இழுங்கள், குட்டி சப்பும்போதும் இப்படி விட்டு விட்டுத்தான் சப்பும், காம்புக்கு அந்த ஓய்வு வேண்டும். முதல் பீச்சலைக் கையால் எடுத்துவிட்டுத்தான் சிரிஞ்சை மாட்ட வேண்டும், பால் நின்றதும் கழற்றிவிட வேண்டும், வெறும் காம்பை இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கடைசியில் மிஞ்சுவதை யாராவது கையால் கறந்துவிட்டால் போதும். அம்மாவுக்குப் பம்பின் பிடியை அழுத்துவது காம்பைப் பிழிவதைவிட லேசாக இருக்கிறது. மூட்டு நோவு அதிகமானவர்களுக்கு அதுவும் கஷ்டமாகத்தான் இருக்கும், வாங்குவதற்கு முன் கடையிலேயே ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

கறந்து முடிந்ததும் காம்பை அயடினில் முக்குவது. பாமசியில் கிடைக்கும் 10 சதவீத போவிடோன் அயடினோடு கொதித்து ஆறிய தண்ணீரைச் சம அளவு கலந்து, சில துளி கிளிசரின் விட்டால் குளிரில் தோல் வெடிக்காது. ஒரு சின்ன மருந்துக் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றி முக்குங்கள், மிஞ்சியதைக் கொட்டுங்கள், போத்தலுக்குள் திருப்பி ஊற்றாதீர்கள். அப்புறம் ஒரு கட்டுப் பலா இலையோ கினிப்புல்லோ போட்டு அரை மணி நேரம் நிற்கவைக்க வேண்டும், கறந்தவுடன் காம்பின் துளை திறந்திருக்கும், அந்த நேரத்தில் ஆடு போய்ச் சாணியில் படுத்தால் முக்கியதெல்லாம் வீண். கறந்த பிறகு குட்டியை விடுபவர்களுக்கு அயடின் வேண்டாம், குட்டியே சப்பிச் சுத்தமாக்கிவிடும்.

குட்டி என்றதும் ஒன்று. குட்டிக்கு இரண்டு வாரம் ஆன பிறகு இரவில் மட்டும் ஒரு தட்டி போட்டுப் பிரித்து அடைத்து, காலையில் கறந்துவிட்டுப் பகல் முழுக்க தாயோடு விட்டுவிடலாம். ஒரு நேரக் கறவை, குட்டியும் வளரும், வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் தோதாக வரும். தட்டிக்கு மூங்கில் போதும். குட்டி போட்ட முதல் நான்கைந்து நாள் வரும் சீம்பால் குட்டிக்கே, அதில் கை வைக்காதீர்கள்.

வடிகட்டுவதற்கு விசேஷத் தாள் எல்லாம் தேவையில்லை, பாமசி கோஸ் துணியை நான்காக மடித்து வடியில் விரித்தால் முடியும் தூசியும் நிற்கும். கிருமி அதில் பிடிபடாது, பாலோடு வந்துவிடும். ஆட்டுப்பால் வழியாகவும் புரூசெல்லா காய்ச்சல் வரலாம் என்பதால் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது, "பச்சையாகக் குடித்தால் சத்து" என்று சொல்லும் தாத்தாமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கறந்த சூட்டோடு பாத்திரத்தை மூடி, பீலித் தண்ணீர் ஓடும் தொட்டியில் கழுத்தளவு இறக்கிவைத்தால் நம் ஊர்க் குளிருக்குச் சீக்கிரம் ஆறும், ஆனால் பிரிட்ஜ் அளவுக்கு ஆறாது, அதனால் இரண்டு மணித்தியாலத்துக்குள் காய்ச்சிவிடுங்கள் அல்லது பிரிட்ஜில் வையுங்கள். வீச்சம் என்று சொல்கிறார்களே, அதற்குப் பாதிக் காரணம் பால் ஆறாமல் கிடப்பது, மீதி கிடாய். கிடாயைக் கறவை ஆட்டுப் பக்கம் கட்டாதீர்கள். மண்ணெண்ணெய், விறகுப் புகை, உரித்த வெங்காயம் எல்லாவற்றின் வாடையையும் பால் இழுத்துக்கொள்ளும், மூடிவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

பாத்திரங்களைக் கொதிக்கவைக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், 100-க்குப் போகாது. பாலுக்கு அது போதும், 72 பாகையில் 15 விநாடி வைத்தாலே பாஸ்டரைஸ் ஆகிவிடும் என்பது கணக்கு. துணிக்கும் போத்தலுக்கும் மட்டும் கொதி வந்த பிறகு சில நிமிடம் கூட விடுங்கள். கழுவும் ஒழுங்கு இப்படி: முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீர், கொதிதண்ணீரை முதலிலேயே ஊற்றினால் பாலின் புரதம் பாத்திரத்தில் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சுடுதண்ணீரும் சவர்க்காரமும் பிரஷும். வாரத்துக்கு ஒருமுறை தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ கலந்த தண்ணீர், வெள்ளையாகப் படியும் பால்கல்லை அது எடுக்கும். அதைக் கழுவி முடித்த பிறகுதான் குளோரின், இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் விஷப் புகை வரும். 5 சதவீத குளோரின் திரவம் 15 மில்லிலீற்றர் நான்கு லீற்றர் தண்ணீருக்குப் போதும், சில்வர் பாத்திரத்தை அதில் ஊறப்போடாமல் ஒரு நிமிடம் அலசி எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். துணியால் துடைக்க வேண்டாம்.

இவ்வளவும் படித்துவிட்டு, "இல்லை, எனக்கு எட்டுப் பத்து ஆடு இருக்கிறது, மெஷின்தான் வேண்டும்" என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஒன்லைனில் கிடைக்கும் மலிவான மெஷின்களில் பல வெறும் காற்றிழுக்கும் பம்பும் போத்தலும்தான், இழுப்பதை நிறுத்தி நிறுத்தி விடும் பல்சேட்டர் இருக்காது. படத்தில் தெரியாது, விவரத்திலும் எழுத மாட்டார்கள். பல்சேட்டர் இல்லாத மெஷின் நான் மேலே சொன்ன கைப்பம்பைவிட மோசம், ஏனென்றால் கைப்பம்பில் காற்றை விடுவதற்கு நம் கை இருக்கிறது, இதில் அந்தக் காம்பு தொடர்ந்து இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஆட்டுக்கு நிமிடத்துக்கு 70 முதல் 90 துடிப்பு, இழுவிசை 40 கிலோபாஸ்கலுக்கு மேல் போகாமல் திருப்பி வைக்கக்கூடிய திருகு, அதைக் காட்டும் முள், இந்த மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். மாட்டுக்குரிய நான்கு கப் மெஷினில் இரண்டை அடைத்துக்கொண்டு ஆட்டுக்குப் போடலாம் என்று கடைக்காரர் சொல்வார், கப் பெரிது, காம்பு உள்ளே போய் மடியையும் சேர்த்து இழுக்கும், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டுக்கென்று செய்த இரண்டு கப் வேண்டும். பக்கத்து வீட்டோடு சேர்ந்து காசு போட்டு ஒரு மெஷின் வாங்கலாம் என்ற யோசனை நல்லதுதான், ஆனால் ஒரு வீட்டு மடிநோய் மற்ற வீட்டுக்குப் போகாமலிருக்க ஆளுக்கொரு கப் செட் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பம்பு மட்டும் பொதுவாக இருக்கட்டும். கப்புக்குள் இருக்கும் ரப்பர் லைனர் மாதக்கணக்கில்தான் உழைக்கும், பிறகு வெடித்து அழுக்குப் பிடிக்கும். அது தனியாக இங்கே கிடைக்குமா என்று காசு கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டு, கிடைக்கும் என்றால் ஒரு செட் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். இழுத்து மழுப்பினால் அந்த மெஷினைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.